பிரிக்காத மிட்டாய்

கிட்ட வந்து உட்காருங்க, உரக்கச் சொல்கிற கதை இல்லை இது.

ஒரு எலிக்குப் பழைய மிட்டாய்த்தாள் சேர்க்கிற பைத்தியம். வளை முழுக்க நீவி நீவி அடுக்கி வைத்திருந்தது. அதில் ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே மிட்டாயோடு, இரண்டு பக்க முறுக்கும் அவிழாமல் இருந்தது.

அந்த வருஷம் விடாத அடைமழை. இரை தேட வழியில்லை. எலியின் குட்டி பசியில் சுருண்டு கிடந்தது.

"அந்த மிட்டாயைப் பிரிச்சுக் குடுய்யா" என்றது பெண் எலி.

"முறுக்கை அவிழ்த்தா அது வெறும் தாளுடி. இதுமாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

"இந்தக் குட்டி மாதிரி மட்டும் கடையில தொங்குதாக்கும்!"

வாசலில் நின்ற கட்டெறும்பு, "அண்ணன் சொல்றதுதான் சரி. முறுக்கை யாரும் தொடாம நான் காவல் இருக்கேன்" என்றது. எலிக்கு ஒரே பூரிப்பு.

எறும்பு சொன்ன சொல் தவறவில்லை. முறுக்கைத் தொடாமல் அடியில் ஓட்டை போட்டு, மிட்டாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திவிட்டு, உள்ளே ஈரமண்ணை அடைத்து வைத்தது.

குட்டிக்குக் கண் செருகிய பிறகுதான் எலிக்கு மனசு இளகியது. முறுக்கை அவிழ்த்தது. மண் உதிர்ந்தது.

பெண் எலி அழக்கூட இல்லை. எறும்பு மெதுவாகக் குட்டியின் மூக்குப் பக்கம் போய், மூச்சு நின்றுவிட்டதா என்று பார்த்தது. அப்புறம் தன் கூட்டத்தைக் கூப்பிடப் போனது.