பன்னிரண்டடி முடிச்சு

"இது எப்படிம்மா உள்ளே போகும்?"

கேலரி முதலாளி போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பின்பக்க முற்றத்தில் நின்ற லாரியில், எஃகுத் தகடுகளை வளைத்து முறுக்கிச் செய்த ராட்சச முடிச்சு ஒன்று உட்கார்ந்திருந்தது. அகலம் பன்னிரண்டடி. கேலரிக்கு இருந்ததோ ஒரே வாசல். அதுவும் முன்பக்கம், பளிங்குப் படிகளுக்கு மேலே. அதன் அகலம் ஆறடி.

சிற்பி தலையைச் சொறிந்தாள். "கொஞ்சம் பெருசாயிடுச்சு சார்."

"கொஞ்சமா! யானையைக் கொண்டுவந்து எலிப் பொந்துல நுழைக்கச் சொல்றே!"

மறுநாள் மாலை திறப்பு விழா. அவளுடைய முதல் தனிக் கண்காட்சி. அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போயாகிவிட்டது. 'இதுவரை எந்த கேலரியும் காணாத பிரம்மாண்டம்' என்று முதலாளியே பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முடிச்சு உள்ளே போகாவிட்டால் அவளுக்குக் கண்காட்சி இல்லை. அவருக்கு மானம் இல்லை.

"ரெண்டா வெட்டி உள்ளே கொண்டுபோய் ஒட்டிடலாமே?"

"வெட்டினா அது சிற்பம் இல்லை சார். பழைய இரும்பு."

பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். சும்மா இருப்பாரா? "முடிச்சுதானே? அவுத்து எடுத்துட்டுப் போய் உள்ளே வச்சுக் கட்டிக்கலாமே!" என்றார்.

"அவுக்கிற மாதிரியா நான் வெல்டிங் வச்சிருக்கேன்?"

லாரியின் முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. சிற்பியின் அக்கா. தங்கை படம் போட்டுக் கொடுப்பாள். வெல்டிங் முழுக்க அக்கா. காலையில் வந்ததிலிருந்து சீட்டை விட்டு அசையவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நீட்டி உத்தரவு மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சடியே அம்சமா இருக்கும்டீன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாளா?"

முதலாளி பல்லைக் கடித்தார். 'ஒருத்திக்கு அளக்கத் தெரியலை. இன்னொருத்திக்கு இறங்கத் தெரியலை. ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிக்கிட்டேனே!'

சிற்பி மெதுவாக ஆரம்பித்தாள். "சார், இந்தப் பின்சுவரு... முற்றமும் ஹாலும் ஒரே மட்டம்தான்..."

"என்னது, சுவரா! எங்க தாத்தா கட்டினது. அதுல ஆணி அடிக்கக்கூட நான் விட்டதில்லை."

"அப்ப சரி சார். திருப்பி எடுத்துட்டுப் போயிடறோம்."

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் அடித்தது. ஒரு பத்திரிகை நிருபர். நாளைக்குப் படம் எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டார். முதலாளி முடிச்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். தாத்தாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"மேஸ்திரி, இடிக்க எவ்வளவு நேரமாகும்?"

மேஸ்திரி தன் ஆட்களைக் கூட்டி வந்தார். மேலே இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்கிவிட்டு, சுவரைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். முதலாளியின் தலை முழுக்கச் செங்கல் தூசி.

"இடது பக்கம் இன்னும் ஒரு சாண் எடுங்க!" லாரியிலிருந்து உத்தரவு பறந்தது.

"மகாராணி இறங்கி வந்து காட்டக் கூடாதாக்கும்!" என்று முணுமுணுத்தார் முதலாளி.

பொழுது சாய்வதற்குள் வழி பிறந்தது. இரும்புக் குழாய்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் முடிச்சை ஏற்றி, 'ஏலேலோ' போட்டுத் தள்ளினார்கள். அது ஹாலின் நடுவில் போய் நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். முடிச்சுக்கு முன்னால் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"கண்காட்சி முடிஞ்ச மறுநாளே சுவரை அடைச்சிடணும்" என்றார் மேஸ்திரியிடம்.

லாரி டிரைவர் வண்டிக்குப் பின்னாலிருந்து எதையோ இறக்கி விரித்தார். சக்கர நாற்காலி. சிற்பி அக்காவைத் தூக்கி அதில் உட்கார வைத்தாள். அக்கா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, இடித்த வழியாக நேராக ஹாலுக்குள் வந்தாள். முடிச்சை ஒரு சுற்று சுற்றினாள். கண் கலங்கிவிட்டது, முகமோ சிரித்தது.

"நம்ம வேலையை ஒரு கேலரிக்குள்ள வச்சு இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

முதலாளிக்கு என்னவோ போலாகிவிட்டது. "போன வருஷம் இங்கே நடந்த கூட்டுக் கண்காட்சிக்கு வரலையா நீங்க?"

"வந்தேன் சார். லாரியோட சரி. உங்க படியில நான் எங்கே ஏற?"

"அடடா, முன்னாடியே சொல்லியிருந்தா நாலு பேர் தூக்கிட்டு வந்திருப்பாங்களே!"

"மூட்டையும் அப்படித்தான் சார் உள்ளே வரும்" என்று சிரித்துவிட்டு, அக்கா வெல்டிங்கைத் தடவிப் பார்க்கப் போய்விட்டாள்.

முதலாளி இடித்த வழியைத் திரும்பிப் பார்த்தார். மனுஷன் மோசமில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டார். "செங்கல் வேண்டாம். நல்ல பெரிய கதவாப் போட்டுடுங்க."

பிறகு, விட்ட கெத்தைப் பிடிக்கிற மாதிரி சிற்பியிடம் திரும்பினார். "ஆனா ஒண்ணும்மா. அடுத்ததையாவது உங்க அக்கா சொன்ன மாதிரி அஞ்சடியில செய்."

சிற்பி, அக்காவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இனிமே செய்யலாம் சார். அக்கா வர்றதுக்குப் பின்சுவருல ஒரு மூணடி வழி விடுங்கன்னு போன வருஷம் உங்ககிட்ட எவ்வளவோ கெஞ்சினேன். காரணத்தைக் காதுலயே வாங்காம, ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாதுன்னுட்டீங்க. அதனாலதான் பன்னிரண்டடியில செய்ய வேண்டியதாப் போச்சு."