திங்கட்கிழமை வரை

"பத்தேகாலுக்குள்ள போன் பண்ணிச் சொல்லணும்டி. வரலைன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள் ப்ரோனா.

டிம்ப்னா கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமல் மறுபடியும் தட்டிலேயே வைத்தாள்.

கோழிக்கறி ஆலையின் கேன்டீனில் காலைத் தேநீருக்குப் பதினைந்து நிமிடம். அதில் ஐந்து போய்விட்டது. வாசல் பக்கச் சுவரில் காசு போட்டுப் பேசும் டெலிபோன் தொங்கியது. ப்ரோனா ஒரு காசை மேஜைமேல் நிறுத்தி, சுண்டி, சுற்றவிட்டுப் பிடித்தாள்.

டவுன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு வேலை வந்திருக்கிறது. சம்பளம் சற்றுக் குறைவு. இரண்டு பஸ் மாற வேண்டும். இன்று பத்தேகாலுக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம்.

"பன்னெண்டு வருஷமா இங்க நிக்கறேன். நிரந்தர வேலை. இதை விட்டுட்டு எவளாவது போவாளா? நீயே சொல்லு."

டிம்ப்னாவுக்கு முள்மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அந்தப் பன்னிரண்டு வருடமும் பேக்கிங் பிரிவில் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்றவர்கள் அவர்கள். இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள்.

பேக்கிங் பிரிவு அக்டோபரோடு மூடப்படுகிறது. நாற்பத்து மூன்று பேருக்கு வேலை இல்லை.

டிம்ப்னா அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டாள். பதினேழாவது பெயர் ப்ரோனா. முப்பதாவது பெயர் அவளுடையதே.

விஷயம் தெரிந்தவர்கள் எட்டே பேர். நிர்வாகத்தில் நான்கு பேர், தொழிலாளர்களில் நான்கு பேர். கூட்டுக் குழு என்று பெயர். யாரும் தலைமை இடத்தில் உட்காரக் கூடாது என்று வட்ட மேஜையே வாங்கிப் போட்டிருந்தார்கள்.

"இந்த ரூம்ல கேட்டது இந்த ரூமோட. திங்கட்கிழமை வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்றார், பணியாளர் அதிகாரி டோனல் ட்ரெய்னர். சம்மதம் என்று முதலில் கை தூக்கியவள் டிம்ப்னா.

சும்மா தூக்கவில்லை. திங்கட்கிழமைதான் இழப்பீடு பற்றியும், வேறு பிரிவுகளுக்கு மாற்றுவது பற்றியும் பேச்சுவார்த்தை. முன்னதாக வெளியே கசிந்தால் பேச்சே கிடையாது என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றப்போய் நாற்பத்திரண்டு பேரின் வயிற்றில் அடிக்கலாமா?

அதுவும் தவிர, அந்த மேஜையில் ஒரு நாற்காலி கிடைப்பதற்காக ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்து ஆலை வாசலில் மழையில் நின்றவள் அவள். அதற்கு முன்பெல்லாம் கேட்டில் ஒட்டும் காகிதத்தைப் பார்த்துத்தான் எல்லாம் தெரியும். இப்போது அவள் உளறிவிட்டால், தொழிலாளி வாயில் எதுவும் தங்காது என்பார்கள். பிறகு ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஏழு நிமிடம் போய்விட்டது.

ஜன்னலோர மேஜையில் டோனல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக மாடியிலேயே குடிப்பவர். இன்று இங்கே என்ன வேலை? டிம்ப்னா நிமிர்ந்தபோதெல்லாம் அவர் பார்வை அவள்மேல்தான் இருந்தது. காவல் காக்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். எரிச்சலாக வந்தது.

"என்னடி, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் ப்ரோனா.

"தூக்கம் இல்ல."

"சரி, சொல்லு. போகட்டுமா, வேண்டாமா?"

போ. ஓடிப் போய் அந்த வேலையைப் பிடித்துக்கொள். தொண்டைவரை வந்துவிட்டது. சத்தம்கூட வேண்டாம், உதட்டை அசைத்தாலே போதும். அவள் படித்துக்கொள்வாள்.

டிம்ப்னா கோப்பையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

"உன் இஷ்டம்டி" என்றாள்.

ப்ரோனா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு காசை எடுத்துக்கொண்டு டெலிபோனை நோக்கி நடந்தாள்.

டிம்ப்னா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து பதினொன்று. எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். வாக்காவது, குழுவாவது. வரிசையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு போனாள். யாரோ திட்டினார்கள்.

ப்ரோனாவுக்குப் பின்னால் போய் நின்று, ரிசீவரைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"ஆமா, ஷூ சைஸ் அஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ப்ரோனா. "தொப்பி எதுவா இருந்தாலும் சரி. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடறேன்."

ரிசீவரை மாட்டிவிட்டுத் திரும்பினாள். நீட்டிய கையோடு டிம்ப்னா அப்படியே நின்றாள்.

"நான் புதன்கிழமையே சரின்னு சொல்லிட்டேன்டி" என்றாள் ப்ரோனா. குரலில் கோபமே இல்லை. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டோனல் எங்க வீட்டுக்கே வந்துட்டான். எங்க அடுப்படியில நின்னு, எல்லாத்தையும் சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டான்."

டிம்ப்னா நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். இப்போதுதான் சொல்ல வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஜன்னலோர மேஜையில் டோனல் தலையைக் குனிந்துகொண்டார்.

வேலைக்குத் திரும்ப மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன. கூட்டம் கதவை நோக்கி நகர, ப்ரோனா அவள் காதருகே குனிந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. பாவம், அவன் வேலை போயிடும்."

பிறகு, வலையை இழுத்துத் தலைமுடியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"நீ சொல்லமாட்ட. எனக்குத் தெரியும்."