சுவர் நகரும் நாள்

எங்கள் அடுக்ககத்தில் ஆள் கணக்குப்படி வீட்டின் அளவு மாறும். ஒருவர் குறைந்தால் சுவர் உள்ளே நகரும். அந்த இடம், ஆள் கூடிய பக்கத்து வீட்டுக்குப் போகும். என் மனைவி தாரிணி இறந்தபோது பில்டர் கம்பெனி கண்ணியமாகவே நடந்துகொண்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஆள் அனுப்பியது.

வந்தவர் கட்டிலைப் பார்த்தார். "சுவர் இதுல பாதி வரைக்கும் வரும் சார். மனசு இல்லேன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடலாம்."

அந்தப் பாதியில்தான் தாரிணி படுப்பாள்.

பக்கத்து வீட்டு எஸ்தர் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். "தள்ளிப் போடுங்கண்ணா. நாங்க கேக்கவே இல்ல. தொட்டிலை சமையல்கட்டுல கட்டியிருக்கோம், ஒரு குறையும் இல்ல."

"குக்கர் விசில்லயா தூங்குறான்?"

"இவன் போடுற சத்தத்துல குக்கர்தாண்ணா பயப்படுது." சிரித்துவிட்டாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான் கட்டிலை இழுத்துப் போட்டேன். "நகர்த்துங்க" என்றேன் அவரிடம்.

"அண்ணா, சுவர் ரொம்ப மெல்லிசு. இவன் அழுதா உங்களுக்கு அப்படியே கேக்கும்."

"கேக்கட்டும்மா. இந்த வீட்டுல ஒரு சத்தமும் இல்ல."