வாயில் வராத வசனம்

"கட்!" உமாபதி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரே ஒரு வசனம்டா செல்வா. அதச் சொல்றதுக்கு என்னடா நோவு உனக்கு?"

"சாரி மச்சான். ஒன் மோர்."

"அப்பலேர்ந்து இதையேதான் சொல்றே. மேகத்தப் பாரு. மழை வந்துச்சுன்னா படமும் இல்ல, மண்ணும் இல்ல."

புக்கிட் ரோத்தான் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவில் மிஞ்சிக் கிடந்த தோட்டத்துப் பழைய திடலில் ஷூட்டிங். கேமரா என்பது உமாபதியின் கைப்பேசி. குறும்படப் போட்டிக்கு நாளைதான் கடைசி நாள். நாளைக் காலையில் செல்வா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். இன்று விட்டால் விட்டதுதான்.

காமெடிப் படம். பள்ளிக்கூடம் முடித்த இரண்டு கூட்டாளிகள் பெரிய மனுசன் ஆகப் புறப்படுகிறார்கள். லைசென்ஸ், வேலை, காதல் என்று ஒருவன் ஒவ்வொன்றாகத் தாண்டுகிறான். மற்றவனுக்கு ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் திருப்பி அனுப்புகிறார்கள்.

கதைக்காக உமாபதி மண்டையைக் குடையவில்லை. எல்லாம் அவன் சொந்தக் கதை. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன், பிறப்பைப் பதியவில்லை. இருபத்து மூன்று வயதாகியும் ஐசி இல்லை. எந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. கார் கழுவும் கடைதான் கதி. போட்டிக்குக்கூட கூட்டாளி புவனேசன் பேரைத்தான் கொடுத்திருக்கிறான். அழுது அழுது அலுத்துப்போய், சிரிக்கப் பழகிக்கொண்டவன். தன்னைக் கிண்டல் செய்யும் ஜோக்கையெல்லாம் தானே எழுதினான்.

ஐசி இல்லாதவனாக புவனேசன். அவனைக் கலாய்க்கும் கூட்டாளியாக செல்வா. காலையிலிருந்து செல்வா வெளுத்து வாங்கினான். மதியத்துக்கு மேல் என்ன பிடித்ததோ, இந்தக் கடைசி வசனத்தில் வந்து சிக்கிக்கொண்டான்.

"ரெடி? ஆக்‌ஷன்!"

"டேய், ஐசி இல்லாத பயலே, உங்க... உங்க..." செல்வாவுக்கு இருமல் வந்தது.

"கட்!"

அடுத்த முறை மறந்துவிட்டது என்றான். அதற்கடுத்த முறை கொசு கடித்தது என்றான்.

"எனக்கும்தான்லா கடிக்குது. நான் நிக்கல?" என்றான் புவனேசன்.

திடலோரத்தில் உமாபதியின் அம்மா அம்சவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஒரு ஜாடி சிராப் தண்ணியோடு வந்தவள், போகவே இல்லை.

செல்வா அவள் பக்கம் திரும்பினான். "ஆண்டி, மழை வரப்போகுது. வீட்டுக்குப் போங்களேன்."

"மழைக்குக் கரைஞ்சிட மாட்டேன்யா. மகன் படம் எடுக்கிறத ஒரு நாளாச்சும் பாக்கறேனே."

உமாபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தவங்க பாத்தாலே உனக்கு நடிப்பு வராதா? போட்டியில அத்தன பேரு பாப்பாங்களே, அப்ப என்னடா செய்வே?"

"மச்சான், அந்த வசனத்த மாத்திடலாமா?"

"மாத்துறதா? படமே அந்த ஜோக்குலதான் நிக்குது. நேத்து ஒத்திகையில சொன்னப்ப வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சோம்ல?"

"இல்லடா, கொஞ்சம் ஓவரா..."

"என் வாழ்க்க, என் ஜோக்கு. உனக்கு எங்கடா வலிக்குது?"

செல்வா காலால் புல்லைச் சீய்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்டா," என்றான் உமாபதி. "பாஸ்போர்ட் வந்துருச்சு, சிங்கப்பூர் வேல வந்துருச்சு. உனக்கு இதெல்லாம் வெளையாட்டு. எனக்கு இது ஒண்ணுதான்லா இருக்கு."

அது செல்வாவுக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போனது. முதல் தூறல் கைப்பேசித் திரையில் விழுந்தது.

"கடைசி டேக்! இதுவும் போச்சுன்னா வீட்டுக்குக் கெளம்பு. ஆக்‌ஷன்!"

செல்வா மூச்சை இழுத்து விட்டான். புவனேசனின் தோளில் கையைப் போட்டான்.

"டேய், ஐசி இல்லாத பயலே! உனக்கு எதுக்குடா ஐசி? புக்கிட் ரோத்தான்ல உன் மூஞ்சி தெரியாத நாய் ஒண்ணு இருக்கா? பாஸார்ல நீ நடந்தாலே ரோல்கால் எடுக்குற மாதிரி வரிசையா கொரைக்குதே!"

புவனேசன் எதிர்பார்க்கவில்லை. நடிப்பை மறந்து நிஜமாகவே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு மழையும் கொட்டியது. மூவரும் ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். அம்சவள்ளி ஜாடியும் கையுமாகப் பின்னால் வந்தாள்.

உமாபதி கைப்பேசியைச் சட்டையில் துடைத்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்தான்.

"சுமாரா இருக்கு. வேற வழி? இத வெச்சித்தான் ஒப்பேத்தணும்." செல்வாவைப் பார்க்காமலே சொன்னான். "உன்னப் போயி நடிகன்னு நம்புனேன் பாரு."

சொல்லிவிட்டு புவனேசனை இழுத்துக்கொண்டு கொட்டகையின் மறுமூலைக்குப் போனான்.

செல்வா தனியாக நின்றான். அம்சவள்ளி ஒரு குவளையில் சிராப் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா நடிச்சேப்பா."

"நீங்களும் கிண்டல் பண்றீங்களா ஆண்டி? ஒரு வசனம்கூட வாயில வரல."

அவள் மகன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"'உங்கம்மா உன்னப் பெத்ததையே பதிய மறந்துட்டாங்க, நீ இருக்கியா இல்லையான்னு கவர்மெண்டுக்கே சந்தேகம்'னு ஒத்திகையில எங்க வீட்டு ஹால்ல தடுமாறாமச் சொன்னியேய்யா. நேத்து நான் வேலைக்குப் போகல. குசினியில சமைச்சிக்கிட்டுதான் இருந்தேன்."