மார்க்கத்துக்கு மதிப்பெண்

அன்று பள்ளிவாசல் அலுவலக அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயலாளர். இமாம் வெளியூர் போயிருந்தார்.

மேசை மேல் எண்பது தாள்கள். ஆண்பிள்ளைகள் நாற்பது, பெண்பிள்ளைகள் நாற்பது. இளைஞர்களிடம் மார்க்கப் பற்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க, செயலாளரே உட்கார்ந்து தயாரித்த கேள்வித்தாள். போன நோன்பு மாதத்தில் எத்தனை நோன்பு பிடித்தாய், எத்தனை வேளை தொழுதாய்? முப்பது நோன்பு, நூற்றைம்பது தொழுகை என்றால் முழு மதிப்பெண்.

"ஆம்பளைப் பசங்கள்ல முப்பத்தோரு பேர் முழு மார்க்," செயலாளர் படித்தார். "பொம்பளைப் பிள்ளைங்கள்ல..." குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணா!" துணைத் தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அந்த ஒண்ணு யாரு?" என்றார் தலைவர்.

"உங்க மகள்தான்."

தலைவர் தாடியைத் தடவிக்கொண்டார். "வளர்ப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? ஆமா, உங்க மகள் எத்தனை?"

"நோன்பு இருபத்து மூணு," என்றார் செயலாளர், தாளைப் பார்த்தபடியே.

"அட! கேள்வி எழுதினவர் வீட்டுலயே ஃபெயிலா?" பொருளாளர் சிரித்தார்.

தலைவர் சிரிக்கவில்லை. "மாடியில இந்தப் பொம்பளைப் பிள்ளைங்க படிக்க ரூம் கொடுத்தோம். கம்ப்யூட்டர் வேற. படிப்பு ஏற ஏற மார்க்கம் இறங்குது. இன்னைக்கே பூட்டிடலாம். தீர்மானம் எழுதுங்க."

அடுத்த மாதம் நுழைவுத் தேர்வு. செயலாளர் மகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் அந்த அறையை நம்பித்தான் படிக்கிறார்கள். செயலாளருக்குப் பேனா ஓடவில்லை. "ஒரு நிமிஷம்" என்று வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு போன் போட்டார்.

"உன் மக ஏழு நோன்பை விட்டிருக்கா. பிள்ளை வளர்த்த லட்சணமா இது?"

மனைவி நிதானமாகத் திருப்பிக் கேட்டார்.

"ஏங்க, நமக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நான் என்னைக்காவது ஒரே மாசத்துல முப்பதையும் பிடிச்சிருக்கேனா?"

"நீ எப்படிப் பிடிக்க..." பாதியில் நின்றார்.

"இப்பத் தெரியுதா? மாசாமாசம் வர்ற அந்த நாள்ல நோன்பு பிடிக்கக் கூடாது, தொழவும் கூடாதுன்னு சொன்னது யாரு, நானா? மார்க்கம்தானே! விட்ட ஏழையும் அப்புறமா பிடிச்சுட்டா. அதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா?"

செயலாளருக்குத் தலை சுற்றியது. சுற்றிய தலைக்குள்ளும் பெருக்கல் ஓடியது. இருபத்து மூன்று நாள், ஐந்து வேளை. நூற்றுப் பதினைந்து. மகள் எழுதியிருந்ததும் நூற்றுப் பதினைந்துதான். ஒரு வேளைகூட விடவில்லை. அதைத்தான் அவர் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தார்.

உள்ளே வந்தார். "கேள்வித்தாள் தப்பு."

"என்ன தப்பு?" தலைவர் அதட்டினார்.

"பொம்பளைப் பிள்ளைங்க முப்பதும் பிடிக்க முடியாதுங்க. மாசத்துல... நம்ம வீட்டுலயும்..."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நாலு பேரும் பிள்ளை பெத்தவங்க," என்று முனகினார் பொருளாளர். "ஒருத்தருக்குக்கூடத் தோணலையே!"

துணைத் தலைவர் வெள்ளந்தி. "அப்ப முப்பதுக்கு முப்பது போட்ட அந்த ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். பொருளாளர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

தீர்மானப் புத்தகத்தைத் தலைவரே மூடினார். "ரூம் இருக்கட்டும். மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சு, எழுந்திரிங்க. தாளையெல்லாம் நான் அடுக்கி வெச்சுட்டு வர்றேன்."

தொழுகை முடிந்தது. தாள்களை அலமாரியில் வைப்பதற்கு முன் செயலாளர் வழக்கம்போல எண்ணினார். சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் எண்ணினார்.

ஆண்பிள்ளைகள் தாள் நாற்பது.

பெண்பிள்ளைகள் தாள் முப்பத்தொன்பது.