ஈரம் இல்லாத வண்டி

டிலேயா திருப்புளியைச் சுவரில் வைத்து அழுத்தினாள். பிடி வரைக்கும் உள்ளே போனது.

"பார்த்தியா," என்றாள் தம்பியிடம். "வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்குது."

ஆம்ப்ரோஸ் அவள் குடியிருக்கும் கேரவன் வண்டியின் படியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். முன் ஜன்னலுக்குக் கீழே உள்பலகை முழுக்கக் கறுத்து உப்பியிருந்தது. நாற்பது வருஷத்து வண்டி. ஜன்னல் விளிம்பு விட்டுப்போய், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மழை எத்தனை பருவமாக உள்ளே இறங்கியதோ தெரியாது.

"விடுக்கா. இதுமேலேயே ஒரு பலகையை அடிச்சு, காகிதம் ஒட்டி, வெளியில சிலிக்கோன் பசையை அப்பிடறேன். ஒரு மத்தியான வேலை. யாருக்கும் தெரியாது."

"நீ பலகை அடிச்ச லட்சணத்தை ஒரு தடவை பார்த்தாச்சு."

அவன் கோப்பைக்குள் பார்த்தான். ஆம்ப்ரோஸ் நல்லவன்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதையே பழுது பார்ப்பது என்று நினைக்கிறவன்.

போன மாதம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், அவள் கிறிஸ்துமஸ் வரைக்கும் உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தார். "எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ்?" என்று டிலேயா கேட்டாள். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

முகாமில் ஒன்பது வண்டிகள். சாகப்போகிறவளுக்கு எதற்கு இந்த மராமத்து என்று ஒன்பதிலும் இதே பேச்சு. "பாவம், இன்னும் முப்பது வருஷம் இருக்கப்போறதா நெனப்பு," என்று ஆம்ப்ரோஸின் மனைவி மிசெல்லி சொன்னது டிலேயாவின் காதுக்கும் வந்தது.

"உன் தலை நரைக்கறதைப் பார்த்துட்டுத்தான்டி போவேன்," என்று இங்கிருந்தே பதில் கொடுத்தாள்.

வெட்டி எடுக்க மூன்று நாள் ஆனது. மக்கிய மரம் தேயிலைச் சக்கை மாதிரி கை கையாக வந்தது. கத்தி இறங்காத இடம் வரைக்கும் அறுத்தாள். அதற்கப்புறம் இன்னும் ஒரு சாண் அறுத்தாள். மூச்சு வாங்கினால் கவிழ்த்த வாளிமேல் உட்காருவாள், மறுபடி எழுந்துவிடுவாள். ரம்பத்தை வாங்க வந்த தம்பியின் கையில் ஒரு அடி விழுந்தது.

நான்காம் நாள் அவன் புதுப் பலகைகளோடு வந்து நின்றான்.

"மூடலாமாக்கா?"

அவள் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இல்ல. இன்னும் சில்லுன்னு இருக்கு."

ஐந்தாம் நாளும் இல்லை. எட்டாம் நாளும் இல்லை. திறந்த சுவருக்கு முன்னால் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. வெளிப்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தும் அக்டோபர் காற்று உள்ளே வந்தது. அவள் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு படுத்தாள்.

"என் வண்டிக்கு வந்துடுக்கா. இந்தக் குளிர்ல செத்துடுவே." சொன்ன பிறகுதான் ஆம்ப்ரோஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சாவேன்தான். அதுக்கு முன்னாடி இந்தச் சுவர் காயட்டும்."

பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள். புதுச் சட்டம் வைத்தார்கள். ஜன்னலைச் சுற்றியிருந்த பழைய பிசினை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினார்கள். பலகை ஏறியது. கடைசித் திருகை அவள்தான் முடுக்கினாள், இரண்டு கையாலும், உதட்டைக் கடித்துக்கொண்டு.

பிறகு வெளியே போய் ஜன்னல்மேல் இரண்டு வாளித் தண்ணீரை வீசச் சொன்னாள். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

"தொட்டுப் பாரு. எப்படி இருக்கு?"

ஆம்ப்ரோஸ் சுவரைத் தடவினான். "சுக்கா காய்ஞ்சிருக்குக்கா."

"அப்ப ஜோபுக்கு ஆனது எனக்கு ஆகாது."

அவன் தலை குனிந்துவிட்டது.

ஜோப் அவர்களுடைய அண்ணன். மார்ச் மாதம் இறந்துபோனார். அவர் வண்டியும் ஒழுகியதுதான். அதில் பலகைக்குமேல் பலகை அடித்து மூடியவன் ஆம்ப்ரோஸ்.

வண்டியிலேயே பிறந்து வாழ்கிற எங்கள் நாடோடி ஜனத்தில் ஆளை அடக்கம் செய்த அன்றைக்கே அவர் வண்டியைக் கொளுத்திவிட வேண்டும். கட்டில், உடுப்பு, கோப்பை எல்லாம் உள்ளேயே இருக்கும். தீ ஒரே மூச்சில் மேலே எழும்ப வேண்டும். அதுதான் ஆளுக்கு மரியாதை.

ஜோபின் வண்டி பற்றவில்லை. எத்தனை கேன் பெட்ரோல் ஊற்றியும் உள்ளே ஊறிக்கிடந்த ஈரம் விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் புகைந்தது. ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று போனில் படம் எடுத்தார்கள். கடைசியில் தீயணைப்பு வண்டி வந்து இருந்ததையும் அணைத்துவிட்டுப் போனது. பாதி கருகியபடி ஜோபின் வண்டி ஒரு வாரம் சாலையோரம் நின்றது. அந்த ஒரு வாரமும் டிலேயா அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

இப்போது அடுப்புமேல் இருந்த தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மேசைமேல் கொட்டினாள். பெட்டியை மூடித் தம்பியின் சட்டைப் பையில் வைத்தாள்.

"ஒரு குச்சிதான்டா. நீ ரெண்டாவது உரசினேன்னு வை, எழுந்து வந்து உதைப்பேன்."