பச்சைப் பொட்டு

"அனந்த், ஓடி வாடா! பொன்செல்வி மறுபடியும் திட்டியிருக்கா!"

சூடாமணி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். திட்டு வாங்கிக்கொண்டு இப்படிக் குதிப்பவளை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை.

அனந்த் அவள் தோளுக்கு மேலாக எட்டி, மின்னஞ்சலை உரக்கப் படித்தான். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"'இணைக்கவும்னு பட்டனை அமுக்கினா சுத்தோ சுத்துன்னு சுத்திட்டுத்தான் கிடைக்கலைங்குது. கிடைக்காதுன்னா உடனே சொல்லித் தொலைய வேண்டியதுதானே? மனுசிக்கு எதுக்கு ஆசை காட்டணும்?' ஏண்டீ, இது பின்னூட்டமா, வசவா?"

"ரெண்டும்தான். நாளைக்கே சரி பண்ணிடறேன் பாரு."

அவர்கள் இருவரும் எழுதிய மென்பொருளின் பெயர் 'பாலம்'. லினக்ஸ் கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு சேர்த்து வைப்பது அதன் வேலை. கறுப்புத் திரையில் கட்டளைகள் தட்டத் தெரியாதவர்களும் ஒரே பட்டனில் உள்ளே போய்விடலாம். பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில் நடந்த கண்காட்சியில் லினக்ஸ் குறுந்தகட்டோடு அதையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்களில் கருத்து எழுதியது ஒரே ஒருத்திதான். கல்லாற்றில் சாயாக்கடை வைத்திருக்கும் பொன்செல்வி. புதன்கிழமை தவறாமல் எழுதினாள்.

மேலாளர் சேஷன் எட்டிப் பார்த்தார்.

"நம்ம லினக்ஸோட புது வெளியீட்டுல பாலத்தைச் சேக்கறதா, பழைய இணைப்பு மென்பொருளே போறுமான்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணியாகணும். நீங்க ரெண்டு பேரும் பிரமாதம்னா போறாது. பழசை விட்டுட்டு தினமும் பாலத்தையே உபயோகிக்கற வெளியாள் ஒருத்தரை வீடியோவில காட்டுங்கோ. இல்லேன்னா அதை மறந்துடுங்கோ."

"இருக்கா சார்! கல்லாத்துல இருக்கா!" சூடாமணி கிட்டத்தட்டக் கத்தினாள்.

பஸ்ஸில் அனந்த் கேட்டான்: "அதெப்படி, அவ எழுதறதெல்லாம் கிடைக்கலைங்கறதைப் பத்தியே இருக்கு?"

"மலைப் பக்கம்டா. லைன் போயிண்டும் வந்துண்டும் இருக்கும். அதனாலதான் நம்ம கண்ணுல படாத தப்பெல்லாம் அவ கண்ணுல படறது."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குள் ஒரு சிறு முள் இருந்தது. இணைப்பு கிடைத்ததும் திரையின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு மலரும். அந்தப் பச்சைக்காக அவள் எத்தனையோ நிறங்களைக் கலைத்துப் போட்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் குறை கண்ட பொன்செல்வி, அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அம்மா எதைக் காட்டினாலும் பார்க்காமலே 'நன்னாயிருக்கு' என்பாள். திட்டுகிறவள் பார்த்துவிட்டுத் திட்டுகிறாள். அதனால்தான் அந்தத் திட்டு இனித்தது. அப்படியானால் திட்டக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டதா அந்தப் பொட்டு?

ஆற்றின் இரைச்சல் கேட்டது. கல்லாறு வந்துவிட்டது.

"எம்மா, நீங்கதான் சூடாமணியா? கொமரிப்பிள்ளையால்லா இருக்கீய!" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள் பொன்செல்வி. "திட்டுனதுக்கு நேர்ல சண்டைக்கு வந்துட்டீயளோ?"

"ஐயோ இல்லக்கா, உங்களைப் பாக்கத்தான் வந்தோம்."

"சண்டைன்னாலும் சாயா குடிச்சிட்டுத்தான், கேட்டோ!"

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பழைய கணினி ஒன்று, குங்குமப் பொட்டோடு. பக்கத்தில் புதிதாக எழுதிய பலகை: 'பொன்மலர் இன்டர்நெட் கஃபே'.

"பொன்முடி போற வெள்ளைக்காரனெல்லாம் இங்கனதான் சாயாவுக்கு இறங்குதான். அவனுக்கு மெயில் பாக்கண்டாமா? வளையலை வித்துத்தான் இந்தப் பெட்டியை வாங்கிப் போட்டேன்."

அனந்த் கேமராவை ஓடவிட்டான். பொன்செல்வி கல்யாணப் படம் எடுக்க வந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பழசு இருக்கே, கிடைக்கலைன்னா பெட்டியையே மொடக்கிப் போட்டுரும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணி எனக்கு மடுத்துப் போச்சு. பாலம் அப்படியில்ல. இல்லைன்னா இல்லைன்னு மரியாதையாச் சொல்லிட்டு ஒதுங்கி நிக்கும். தெனமும் கடை தொறந்ததும் மொத சோலி, இதை ஒருக்க அமுக்கிப் பாக்கதுதான். பழசை யாரு கேட்டா? எனக்கு இதுதான் வேணும்!"

சூடாமணிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சேஷன் சார் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது!

"அக்கா, இப்போ கனெக்ட் பண்ணிக் காட்டுங்கோ. அதோட முடிச்சுக்கலாம்."

பொன்செல்வி பட்டனை அமுக்கினாள். சக்கரம் சுற்றியது. நின்றது. திரையில் வருவதற்கு முன்பே, மனப்பாடச் செய்யுளைப் போல அவள் சொன்னாள்: "இணைப்பு கிடைக்கவில்லை. ஒயரைச் சரிபார்க்கவும்."

அப்படியே வந்தது. பெருமையோடு சிரித்தாள்.

அனந்த் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினான். பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

"அக்கா, டெலிபோன் ஒயர் எங்கே?"

"லைனா? அது இன்னும் ஆத்துக்கு அந்தக் கரையிலதானே நிக்கி! இன்னா வரும், அன்னா வரும்ங்காவ. வாற அன்னைக்கு நான் முழிச்சிட்டு நிக்கப்பிடாதுல்லா? அதான் இப்பமே பழகிட்டு இருக்கேன். மெயிலெல்லாம் புதன்கிழமை சாமான் எடுக்க வித்துராவுக்குப் போவும்போ அங்க உள்ள கஃபேயில இருந்து போடுதது."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பொன்செல்வி சூடாமணியின் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். குரல் வெட்கத்தில் தணிந்தது.

"மோளே, இத மெயில்ல கேக்க நாணமா இருந்துச்சு. கிடைச்சா ஒரு பச்சைப் பொட்டு வரும்னு சிடி அட்டையில போட்டிருக்கே, அது எந்த மூலையில வரும்?"